சாப்பாட்டு நேரத்தில் இறங்கிய கட்டை

எழுபதுகளின் தொடக்கம் என்று நினைவு. அந்தமானில் பெரார்கஞ்ச் பக்கம் ஒரு வயல், ஒரு தகரக் கூரை வீடு, ஒரு ஜோடி எருமைக் கடா என்று நாங்கள் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்த காலம். அப்போது ஒரு பழைய டிராக்டரைப் பார்ப்பதற்காக லாங் ஐலண்டு என்ற தீவுக்குப் போய் வந்தோம். அந்தப் பயணத்தை நினைத்தால் இன்றும் எனக்கு முதலில் வருவது எரிச்சல்தான். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான் வரும்.

எரிச்சலுக்கு முதல் காரணம் என் வீட்டுக்காரர். தங்கமான மனுஷர், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் சந்தையில் ஒரு கத்தரிக்காயைத் திருப்பிப் பார்த்து வாங்கத் தெரியாது. கடைக்காரர் மனசு நோகுமாம். சொத்தையும் புழுவுமாகக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "பாவம், அவனும் என்ன பண்ணுவான்" என்பார். அந்தச் சொத்தையை எல்லாம் நறுக்கி எறிந்து மிச்சத்தில் குழம்பு வைக்கிற பாவம் யார் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

இரண்டாவது காரணம் கப்பல் சொந்தம். இது மெயின்லேண்டில் இருப்பவர்களுக்குப் புரியாது. மெட்ராஸ் துறைமுகத்தில் ஏறி, கப்பலின் அடித்தட்டில் நாள்கணக்காக வாந்தியும் மயக்கமுமாகப் புரண்டு, ஒருத்தர் பாத்திரத்துக் கஞ்சியை இன்னொருத்தர் குடித்து வந்து இறங்கியவர்கள் நாங்கள் எல்லாம். அப்படி ஒரே கப்பலில் வந்தவர்கள் இங்கே கூடப்பிறந்தவர்களுக்கு மேல். என்ன ஊர், என்ன சாதி, என்ன பாஷை என்று பார்ப்பதில்லை. கல்யாணம் காதுகுத்து என்றால் முதல் தாம்பூலம் கப்பல் சொந்தத்துக்குத்தான். அவர்கள் சொன்ன பேச்சை நிறுத்துப் பார்ப்பது பெரிய அவமரியாதை. அவர்கள் கொடுக்கிற பொருளை இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்த்தால், பார்த்தவரின் மானம்தான் போகும்.

டிராக்டர் வைத்திருந்தவர் எங்கள் கப்பல் சொந்தம். அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். லாங் ஐலண்டில் மரம் அறுக்கும் மில்லுக்குக் காட்டிலிருந்து தடி இழுத்துக் கொடுக்கிற காண்ட்ராக்ட் எடுத்திருந்தார். அந்த வேலை முடிந்துவிட்டது. நடு அந்தமானில் அவருக்குக் கிடைத்த நிலத்துக்குப் போய்ப் பாக்குத் தோட்டம் போடப் போகிறார், டிராக்டர் இனி அவருக்கு வேண்டாம், அதற்குப் பதிலாக ஒரு ஜோடி கடா கிடைத்தால் போதும் என்று எங்களுக்குச் சொல்லி அனுப்பினார். கேட்ட நிமிடமே என் வீட்டுக்காரர் தலையை ஆட்டிவிட்டார்.

எனக்கு அதுவே ஆச்சரியம். கிழிந்த துண்டை மாற்றச் சொன்னாலே மூன்று மாதம் யோசிக்கிற ஆள். அவருக்குத் திடீரென்று டிராக்டர் மேல் என்ன ஆசை? கேட்டால், காலம் மாறுகிறது, எல்லாரும் மெஷினுக்கு மாறுகிறார்கள் என்றார். எங்கள் பக்கத்தில் அப்படி யாரும் மாறியதாக எனக்குத் தெரியவில்லை.

விஷயம் விளையாட்டு இல்லை. எங்களிடம் இருந்ததே அந்த ஜோடிக் கடாதான். அவற்றைக் கொடுத்துவிட்டு, வந்து சேர்கிற டிராக்டர் சேற்றில் வேலை செய்யவில்லை என்றால் அந்த வருடம் நடவு கிடையாது. நடவு இல்லையென்றால் சோறு கிடையாது. நாங்கள் வந்த முதல் வருடம், கதிர் வருகிற நேரத்தில் புள்ளிமான் கூட்டம் இறங்கி வயலை மொட்டையடித்துவிட்டுப் போனது. அந்த வருடம் எப்படிக் கழிந்தது என்பது எங்களுக்குத்தான் தெரியும். மறுபடியும் அப்படி ஒரு வருடத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

என் தம்பி அப்போது போர்ட் பிளேரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். டெலானிபூர் மேட்டில் குவார்ட்டர்ஸ். லாங் ஐலண்டுக்குப் போட் ஏறுவதற்கு முந்தின நாள் அவன் வீட்டில்தான் தங்கினோம். கூட வந்து வண்டியைப் பார்த்துச் சொல்லடா என்றேன். லீவு கிடைக்கவில்லை. அதனால் எதை எதைப் பார்க்க வேண்டும் என்று அத்தானை உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தான்.

தடி இழுத்த வண்டி என்றால் இஞ்சின் நன்றாகத்தான் இருக்கும், அதில் மயங்காதீர்கள் என்றான். வயலுக்கு முக்கியம் பின்னால் இருக்கிற லிஃப்ட். டிராக்டருக்குப் பின்பக்கம் இரும்புக் கை இரண்டு இருக்கும், கலப்பையை அதில்தான் மாட்டுவார்கள். லீவரை இழுத்தால் உள்ளே பம்பு ஆயிலை அழுத்தி அந்தக் கையைத் தூக்கும். அதற்குத்தான் ஹைட்ராலிக் என்று பெயர். வரப்பு வந்ததும் கலப்பையைத் தூக்கினால்தான் வண்டி திரும்ப முடியும். தூக்கவில்லையென்றால் சேற்றைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். தடி இழுக்கிறவர் லிஃப்டைத் தொடவே மாட்டார், சங்கிலி போட்டு இழுத்துக்கொண்டு போவார், அதனால் அது கெட்டிருந்தாலும் வெளியே தெரியாது என்றான்.

பார்க்க வேண்டியதையும் சொன்னான். ஆயில் பால் விட்ட டீ மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே மழைத்தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். ஒரு பாரத்தைக் கட்டித் தூக்கிவிட்டு இஞ்சினை அணைக்க வேண்டும், பாரம் அப்படியே நிற்கிறதா இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். வண்டி குளிர்ந்திருக்கும்போது ஆயில் கெட்டியாக இருக்கும், எந்த ஓட்டை லிஃப்டும் ஒழுங்காகத்தான் தூக்கும், அதனால் நன்றாக ஓடிச் சூடு ஏறின பிறகு மறுபடி ஒரு தரம் தூக்கிப் பார்க்க வேண்டும். தூக்கின பாரத்துக்குக் கீழே மட்டும் யாரும் குனியக் கூடாது.

என் வீட்டுக்காரர் எல்லாவற்றுக்கும் "சரி மச்சான், சரி மச்சான்" என்றார். அவர் கை கழுவப் போனதும் தம்பி என்னிடம் மெதுவாக, "அக்கா, அத்தான் ஒண்ணும் கேட்க மாட்டாரு. நீதான் பார்த்துக் கேட்கணும்" என்றான். அவனுக்கும் கத்தரிக்காய்க் கதை தெரியும்.

போட் பயணத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கடல் என்னைப் புரட்டி எடுத்துவிட்டது. லாங் ஐலண்டு ஜெட்டியில் இறங்கியபோது எனக்குத் தரையே ஆடியது. அண்ணன் ஜெட்டிக்கே வந்து காத்திருந்தார். பெரிய உடம்பு, பெரிய மீசை, வாய் நிறைய பான். இத்தனை வருடத்தில் பாதி ஹிந்திக்காரராகவே ஆகியிருந்தார். வழியெல்லாம் அந்தக் கப்பலில் யார் யாருக்கு எத்தனை தரம் வாந்தி என்ற கதைதான். என் வீட்டுக்காரரும் அவரும் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வந்த காரியம் இரண்டு பேருக்குமே மறந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது.

மில்லுக்குப் பக்கத்தில் பலகை வீடு. எதிரே முற்றத்தில் டிராக்டர் நின்றது. சாம்பல் நிறம், அங்கங்கே துரு. அன்று காலையில்தான் கழுவியிருந்தார்கள். அண்ணன் கைப்பிடியைச் செருகிச் சுற்றினார், சுற்றினார், சட்டை முழுவதும் நனைகிற வரைக்கும் சுற்றினார். பேட்டரியில் உயிர் இல்லை. கடைசியில் இருமிக்கொண்டு கிளம்பியது. கிளம்பிய பிறகு உண்மையிலேயே சத்தம் நன்றாக இருந்தது.

"கேட்டியா தங்கச்சி? இஞ்சின் ஏக்தம் ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்றார்.

"நீங்க சொன்னா சரி அண்ணே" என்றார் என் வீட்டுக்காரர். அவ்வளவுதான். அவரைப் பொறுத்தவரை டிராக்டரைப் பார்த்து முடித்தாகிவிட்டது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முழங்கையால் இடித்தேன். அவர் நகர்ந்து நின்றார். சரி, நானே ஆரம்பிக்கலாம் என்று, ஆயில் எங்கே அண்ணே ஊற்றுவீர்கள், பார்த்ததே இல்லை என்று ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டேன். அண்ணன் ஸ்பேனரை எடுத்து அந்த மூடியைத் திருக ஆரம்பித்தார். துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. ஒரு தட்டுத் தட்டினார். இரண்டாவது தட்டுக்குள் என் வீட்டுக்காரர் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துவிட்டார். "அதெல்லாம் எதுக்கு அண்ணே, விடுங்க, மூடி உடைஞ்சிரப் போகுது!" அண்ணனும் விட்டுவிட்டார். ஆயில் வெள்ளையா கறுப்பா என்பது மூடிக்குள்ளேயே இருந்தது.

அடுத்தது லிஃப்ட். கலப்பை அங்கே ஏது? பக்கத்தில் கிடந்த ஒரு படாக் மரக் கட்டையைச் சங்கிலியால் அந்த இரும்புக் கைகளில் கட்டினார். படாக் எப்பேர்ப்பட்ட கனம் என்று அந்தமானில் இருந்தவர்களுக்குத் தெரியும். லீவரை இழுத்தார். கட்டை ஜம்மென்று மேலே போய் நின்றது. நான் அசந்துபோனேன். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, சந்தேகப்பட்டாயே பாவி என்று அதில் எழுதி ஒட்டியிருந்தது. அந்தப் பெருமையில் கட்டைக்குக் கீழேயே குனிந்து எதையோ பார்க்கப் போனார். நான் துண்டைப் பிடித்து வெளியே இழுத்தேன். ஆம்பளைகள் நிற்கிற இடத்தில் இப்படி இழுக்கிறாளே என்று அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

கட்டை குளிர்ந்த வண்டியில் நிற்கும் என்றுதான் தம்பி சொல்லியிருந்தானே. இப்போது இஞ்சினை அணைத்துப் பார்க்க வேண்டும். அணைத்துக் காட்டுங்கள் என்று எப்படிக் கேட்பது? தலை வலிக்கிறது அண்ணே, சத்தம் தாங்கவில்லை, கொஞ்சம் நிறுத்துங்களேன் என்றேன். பொய்யும் இல்லை, கடல் ஆட்டியதில் தலை வலிக்கத்தான் செய்தது. அண்ணன் தயங்கினார். அணைத்தால் மறுபடி கிளப்ப அவர் தோள்பட்டை போய்விடுமாம். உடனே என் வீட்டுக்காரர், "வேணாம் அண்ணே, ஓடட்டும், இவளுக்கு எப்பவும் ஒரு தலைவலி உண்டு" என்றார். கல்யாணம் ஆன நாளிலிருந்து எனக்கு இருந்த ஒரே தலைவலி யார் என்று அங்கேயே சொல்லியிருப்பேன். மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டேன்.

ஆக இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. கட்டை தூக்கினபடி நின்றது. அதற்குள் அண்ணனின் மனைவி, நான் மதினி என்று கூப்பிடுவேன், இலை போட்டாயிற்று என்று கூப்பிட்டார்.

உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தோம். வாசலுக்கு நேரே முற்றம், முற்றத்தில் டிராக்டர், அதன் முதுகில் கட்டை. எனக்கு நேர் பார்வை. என் வீட்டுக்காரருக்கும் அண்ணனுக்கும் பக்கவாட்டில் தெரியும். சுடச்சுடச் சோறு, சுர்மை மீன் குழம்பு, தேங்காய் அரைத்து ஊற்றியது. அப்படி ஒரு குழம்பை நான் அதற்கு முன்னும் சாப்பிட்டதில்லை, பின்னும் சாப்பிட்டதில்லை. ஆனால் ருசித்துச் சாப்பிட விட்டால்தானே.

இரண்டாவது கவளம் எடுக்கும்போது பார்த்தேன். கட்டை முதலில் நின்ற இடத்தில் இல்லை. வண்டி ஓடிச் சூடு ஏறியதில் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது. என் கண்தான் தப்போ என்று டிராக்டர் சக்கரத்தில் ஒட்டியிருந்த ஒரு சேற்றுத் திட்டை அடையாளம் வைத்துக்கொண்டேன். குழம்பு விட்டுப் பிசைந்து நிமிர்ந்தால், கட்டை அந்தச் சேற்றுத் திட்டைத் தாண்டிக் கீழே வந்திருந்தது.

என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவரும் பார்த்துவிட்டார். பார்த்த உடனே அப்பளத்தை எடுத்து, உலகத்தில் அப்பளத்தை முதல் தடவை பார்க்கிறவர் போல ஆராய ஆரம்பித்தார். அண்ணனைப் பார்த்தேன். அவர் பார்வையும் வாசல் பக்கம் போய்த் திரும்பியது. திரும்பின வேகத்தில், இந்த வருஷம் மழை எப்போது பிடிக்கும் தம்பி என்று கேட்டார். மழையைப் பற்றி இரண்டு பேரும் பேசினார்கள். பேசினார்கள், பேசினார்கள், போன வருட மழை, அதற்கு முந்தின வருட மழை எல்லாம் வந்தது. மதினி குழம்புச் சட்டியோடு வந்து வாசலை மறைத்துக்கொண்டு நின்று, எனக்கு இன்னொரு துண்டு மீன் வைத்தார். அவருடைய இடுப்புக்கும் கதவுக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் கட்டை இறங்குவது எனக்குத் தெரிந்தது.

நான்கு பேர் இருக்கிறோம். நான்கு பேருக்கும் தெரியும். அப்படி ஒரு கொடுமையான சாப்பாடு என் வாழ்க்கையில் கிடையாது. எங்கள் ஒரு வருடச் சோறு அந்தக் கட்டையோடு சேர்ந்து கண்ணெதிரே கீழே போய்க்கொண்டிருக்கிறது, இவர்கள் மழைக்கணக்குப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. இவருக்குக் கேட்க வெட்கம், அவருக்குச் சொல்ல வெட்கம், நாளைக்குப் பட்டினி கிடக்கப் போவது நானா என்று மனசுக்குள் கத்தினேன்.

கட்டை தரையைத் தொட்டது. சங்கிலி தொய்ந்து விழுகிற சத்தம் இஞ்சின் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

"அண்ணே, கட்டை கீழே வந்துருச்சு" என்றேன்.

மதினியின் கரண்டி சட்டியிலேயே நின்றது. என் வீட்டுக்காரர் தலையை இன்னும் குனிந்துகொண்டார். இலையோடு போய் ஒட்டிக்கொள்வார் போல இருந்தது. அண்ணன் வாயில் இருந்ததை மென்று விழுங்கினார். தண்ணீர் குடித்தார். கோபப்பட்டுக் கத்தப் போகிறார், இத்தோடு சொந்தம் அறுந்தது என்று நான் நினைத்தேன்.

"தெரியும் தங்கச்சி" என்றார்.

பிறகு அவராகவே சொல்ல ஆரம்பித்தார். அந்த டிராக்டரை அவர் வாங்கியதும் எங்கள் கப்பலில் வந்த இன்னொருவரிடம்தானாம். அப்போது அவரும் ஒன்றும் கேட்கவில்லை, கப்பல் சொந்தத்திடம் எதைக் கேட்பது? கொண்டுவந்த கொஞ்ச நாளில் லிஃப்ட் இப்படி என்று தெரிந்துவிட்டது. விற்றவரிடம் போய்ச் சொன்னால் அவர் மனசு கஷ்டப்படும் என்று விட்டுவிட்டார். தடி இழுக்க லிஃப்ட் வேண்டாம் என்பதால் காலம் ஓடிவிட்டது. விற்றவருக்கே அது தெரிந்திருந்ததா இல்லையா என்பது இன்றுவரை அவருக்குத் தெரியாதாம்.

"உங்ககிட்ட சொல்லணும்னுதான் நெனச்சேன். ஜெட்டியிலேயே சொல்லிடலாம்னு வந்தேன். தம்பி வாயத் தொறந்தாலே நீங்க சொன்னா சரி அண்ணே, நீங்க சொன்னா சரி அண்ணேங்கிறாரு. அப்படிச் சொல்ற ஆள்கிட்ட எப்படிச் சொல்றது, சொல்லு."

ஏமாற்றுக்காரர் என்றால் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்திருக்கலாம். இவரோ எங்களைவிடப் பரிதாபமாக உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு அண்ணன் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, "சரி தம்பி, தங்கச்சி கேட்டுருச்சு. நானும் ஒண்ணு கேட்கவா? உங்க கடா எப்படி இருக்கு?" என்றார்.

இது என்ன கேள்வி, கடாவுக்கு என்ன, கல்லு மாதிரி இருக்கிறது என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் வீட்டுக்காரர் தலையை நிமிர்த்தினார்.

"வலப்பக்கம் கட்டுற கடாவுக்கு முன்னங்கால் சரியில்ல அண்ணே. சேத்துல கொஞ்ச நேரம் இழுத்தா நொண்டும். காலத் தூக்கிக்கிட்டு நின்னுக்கும்."

நான் திகைத்துப் போய்விட்டேன். தொழுவத்தில் தண்ணீர் காட்டுகிறவள் நான், தவிடு வைக்கிறவள் நான். கொட்டிலில் நிற்கும்போது அந்தக் கடா நன்றாகத்தான் நிற்கும். இவர் விடிவதற்குள் ஓட்டிக்கொண்டு போய்விடுவார், நான் கஞ்சி கொண்டுபோகும் நேரத்துக்கு நிழலில் கட்டியிருப்பார். வெயில் ஏறிவிட்டது, பாவம் என்பார். இப்போதுதான் எனக்கு எல்லாம் புரிந்தது. அதுவும் சூடு ஏறினால்தான் குறை தெரிகிற சங்கதி. டிராக்டர் ஆசை எங்கிருந்து வந்தது என்பதும் புரிந்தது.

ஒரு கேள்வி கேட்கத் தெரியாத மனுஷர், தன்னைக் கேட்டதும் ஒரு வார்த்தை மறைக்காமல் சொல்லிவிட்டார். அதைப் பார்த்து எனக்குப் பெருமைப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் உச்சகட்ட எரிச்சல். அண்ணன் மீசையைத் தடவிக்கொண்டு, "சேத்துலதான நொண்டும்? என் நிலம் மேடு தம்பி. அங்க சேறே கிடையாது. வண்டி இழுக்கத்தான் எனக்குக் கடா வேணும். தீரே தீரே, மெதுவா நடந்தா போதும்" என்றார். என் வீட்டுக்காரர், "லிஃப்டை என் மச்சான் பிரிச்சுச் சரி பண்ணிடுவான் அண்ணே, வாஷர்தான் போயிருக்கும்" என்றார். ஆக அவர்களுடைய குறை எங்களுக்குக் குறையில்லை, எங்களுடைய குறை அவர்களுக்குக் குறையில்லை! இதை முதலிலேயே ஆளுக்கொரு வார்த்தை சொல்லித் தொலைத்திருந்தால், அந்த மீன் குழம்பையாவது நான் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன். என் தம்பி வந்து பிரித்துப் பார்த்து, சரியாகும் என்று சொன்ன பிறகு கடாவை ஏற்றி அனுப்புவது என்று பேசி முடித்தார்கள். அண்ணன் வெளியே போய் இஞ்சினை அணைத்தார். அதுவரைக்கும் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது.

மறுநாள் திரும்பி வருகிற போட்டில் நானும் அவரும் பேசிக்கொள்ளவே இல்லை. அவர் ஒரு பக்கம் கடலைப் பார்த்தார், நான் ஒரு பக்கம் பார்த்தேன். பெங்காலி போட்காரர் டீ வேண்டுமா என்று ஹிந்தியில் இரண்டு தரம் கேட்டுவிட்டு, புருஷன் பெண்டாட்டி சண்டை என்று புரிந்துகொண்டு போய்விட்டார். நான் கேட்டதால் மானம் போய்விட்டது என்று இவருக்கு என் மேல் கோபம், அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கும் அவர் மேல் அதைவிடப் பெரிய கோபம். வாழ்க்கையில் பாதி என்று சொல்கிறோம், கடாவின் கால் விஷயத்தைக்கூட என்னிடம் சொல்லவில்லையே.

கடைசியில் நான்தான் கேட்டேன். எப்போதிலிருந்து நொண்டுகிறது என்றேன். போன நடவிலிருந்து என்றார். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றேன். மறுபடி கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது, பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் கடலைப் பார்த்தபடியே சொன்னார். "சொன்னா நீ சாப்பிட மாட்ட. மொத வருஷம் மான் மேஞ்சப்ப, எனக்குச் சோத்தப் போட்டுட்டு நீ வடிச்ச தண்ணியக் குடிச்சே. கேட்டா அப்பவே சாப்பிட்டாச்சும்பே. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

அவருக்குத் தெரியாது என்றுதான் அத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அடுப்படியில் கதவுக்குப் பின்னால் நின்று குடித்தது, அவர் வருகிற சத்தம் கேட்டதும் டம்ளரைக் கழுவி வைத்தது, எல்லாம் அவர் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டுப் பேசாமல் எழுந்து போயிருக்கிறார். நான் சொன்னதை நம்பினவர் போல, தட்டில் இருந்ததை முழுவதும் சாப்பிட்டுவிட்டு. கப்பல் சொந்தத்தைப் பார்த்து அவ்வளவு எரிச்சல் பட்டேனே, எங்கள் வீட்டுக்குள்ளேயே அதுதானே நடந்திருக்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது. கடல் ஆட்டத்தில் குமட்டுகிறது என்று சொல்லிக்கொண்டு அழுதேன். அவர் நம்பவில்லை. துண்டை எடுத்துக் கொடுத்தார்.

தம்பி லீவு போட்டுக்கொண்டு லாங் ஐலண்டுக்குப் போனான். அந்த மூடியைத் திறந்தபோது ஆயில் பால் டீ மாதிரிதான் வந்ததாம். உள்ளே இருந்த ரப்பர் வளையம் எல்லாம் நைந்துபோய்க் கையோடு வந்ததாம். மாற்றினான். மழைக்கு முன்னால் டிராக்டர் பார்ஜ் என்கிற சரக்குப் படகில் வந்து இறங்கியது, திரும்பிப் போகிற பார்ஜில் கடாக்கள் ஏறின. அந்த வருடம் நடவு நடந்தது. விளைந்த நெல்லில் முதல் மூட்டையை இவர் நடு அந்தமான் போகிற போட்டில் ஏற்றி அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவைத்தார். அந்தக் கடா மேட்டு நிலத்தில் ஒரு குறையும் இல்லாமல் நடக்கிறது என்று அண்ணன் ஆள்விட்டுச் சொல்லி அனுப்பினார்.

இப்போது எங்களுக்கு வயதாகிவிட்டது, அரிசிக்குப் பஞ்சமும் இல்லை. இவர் இன்றைக்கும் சொத்தைக் கத்தரிக்காய்தான் வாங்கி வருகிறார், நான் இன்றைக்கும் திட்டிக்கொண்டேதான் நறுக்குகிறேன். ஆனால் அந்தப் போட்டில் வந்த நாளிலிருந்து, நான் அப்புறம் சாப்பிட்டுக்கொள்கிறேன் என்ற வார்த்தையை என் வாயால் சொன்னதில்லை. பானையில் கொஞ்சம் இருந்தாலும் நிறைய இருந்தாலும், எங்கள் வீட்டில் இரண்டு தட்டும் சேர்ந்தேதான் தரைக்கு வருகின்றன.